புதுப்பிப்பு: சின்ன இடத்தில் காபி மூலை அமைந்துவிட்டது

சமையல் மேடையில் அரை மீட்டர்கூடக் கிடைக்காத இடத்தில் எஸ்பிரெசோ மெஷின், கிரைண்டர், கெட்டில் மூன்றையும் எப்படி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை அளந்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி. நான் பார்த்து வைத்திருந்த மெஷினின் தண்ணீர்த் தொட்டி மேல்பக்கமாகத் திறக்கும். மேலே அலமாரி இருப்பதால், ஒவ்வொரு முறையும் மெஷினையே முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். சரி, எஸ்பிரெசோ இப்போதைக்கு வேண்டாம் என்று போர்-ஓவருக்கு (pour-over: காபித்தூள்மீது கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பது) வந்துவிட்டேன். கை கிரைண்டர், டிரிப்பர் (தாளையும் தூளையும் தாங்கும் வடிகூம்பு), ஃபில்டர் தாள், சின்னத் தராசு எல்லாம் ஒரே இழுப்பறையில் அடங்கிவிடுகின்றன. மேடையில் கெட்டில் மட்டும்தான். 15 கிராம் தூளுக்கு 240 கிராம் தண்ணீர்; சுவை அருமை!

கெட்டிலை அலமாரிக்கு நேர் கீழே கொதிக்க விடாதீர்கள். ஆவி பட்டு அலமாரியின் அடிப்பலகையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது; நாளடைவில் மரம் உப்பிவிடும். கொதிக்கும்போது மேடை விளிம்புக்கு நகர்த்திவிடுகிறேன். காபிக்கொட்டை டப்பாவையும் அந்த ஈரத்துக்கு எட்டாமல், வெளிச்சம் படாத இழுப்பறைக்கு மாற்றியாயிற்று.