நாற்பது கட்டு, நாற்பது பேர்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சபை ஊழியரோடு வீடு சந்திப்புக்குப் போயிருந்தேன். மத்தியான நேரம். தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். "வாங்கய்யா, உக்காருங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஓர் அக்கா, மடியிலிருந்த தட்டை மட்டும் இறக்கி வைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கடையில் ஒப்படைத்தாக வேண்டுமாம். வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிந்தபடியேதான் எங்களோடு பேசினார்.

நூல்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. பின்பக்கம் முழுக்கப் பெயர்கள், மகள் எழுதிக் கொடுத்தவை. என்னக்கா இது என்று கேட்டேன்.

"ஒரு கட்டு முடிஞ்சா ஒரு பேருக்கு ஜெபம் தம்பி. கட்டுக்கு இருபத்தஞ்சு பீடி. ஆயிரம் சுத்தினா நாப்பது கட்டு, நாப்பது பேரு. கைக்குத்தானே வேலை, மனசு சும்மாதானே இருக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர் பெயர், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி பெயர், பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தையே நின்றுபோன கொழுந்தன் பெயரும் இருந்தது. அதுவும் மேலேயே, மூன்றாவதாக.

நம் சபைகளில் நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால் செல்போன், சீரியல் என்றுதான் பெரும்பாலும் போகும். அது தேவைதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அக்காவுக்கு வீணாக்க நேரமே கிடையாது. விடிந்ததிலிருந்து அடுப்பும் பீடித்தட்டும்தான். அவரிடம் போய் எந்த நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது?

"நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று எபேசியர் 5:16-ல் வாசிக்கிறோமே, அதைப் பவுல் எழுதியது சிறையிருப்பில். அதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தன்னைச் சங்கிலியால் கட்டப்பட்டவன் என்றே சொல்கிறார். ஓய்வாக இருந்தவர் ஊருக்குச் சொன்ன புத்திமதி இல்லை இது.

டோனாவூருக்குப் போனபோதும் இதே எண்ணம்தான் வந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், அதன்பின் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1931-ல் களக்காட்டில் தவறி விழுந்து பலத்த அடி. அப்போது அவருக்கு வயது 63. அதற்கப்புறம் 1951 ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை பெரும்பாலும் படுக்கையறைதான். கிட்டத்தட்ட இருபது வருஷம்! ஓடியாடிப் பிள்ளைகளைக் காத்தவருக்கு அது எவ்வளவு பெரிய சோதனையாக இருந்திருக்கும். அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்களையும் எத்தனையோ கடிதங்களையும் எழுதினார். வியாதிப்படுக்கையில் இருந்தவர்களுக்கென்றே எழுதியவையும் அதில் உண்டு. வலியோடு கிடக்கிறவர் எழுதியதால்தான் அவை அவர்களைத் தொட்டன என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளிலும் படுத்த படுக்கையாக அம்மாமார், தாத்தாமார் இருக்கிறார்கள். "இனி என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று அவர்கள் சொல்லும்போது நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். அப்படி விடாமல், பெயர்கள் எழுதிய ஒரு தாளை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பெரியம்மாவுக்குக் கொடுத்தோம். இப்போது "அந்தப் பையனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று அவராகவே விசாரிக்கிறார். கிடைத்துவிட்டது என்றால் பெயரை அடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறார்.

நான் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிற ஆள். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை என்று ஸ்டாப்புக்கு ஒரு பெயராகச் சொல்லி ஜெபிக்கிறேன். கூட்டத்தில் நின்றுகொண்டு போனாலும் முடிகிறது. காலை ஜெபம் தனி, அதை இதற்காகக் குறைக்கவில்லை. அந்த அக்காவும் விடியற்காலையில் எழுந்து வேதம் வாசித்த பிறகுதான் தட்டை எடுக்கிறார்.

உங்கள் சபையிலும் இப்படி வேலையோடு வேலையாக ஜெபிக்கிற தாய்மார், பெரியவர்கள் இருப்பார்கள். பெயர் வேண்டாம், அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் வாலிபர் கூடுகையில் வாசித்துக் காட்ட வேண்டும்.