‘கனரகக் கையுறை’யா, ‘வன்பணிக் கையுறை’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடுமையான வேலைக்குப் போடும் ஹெவி டியூட்டி ரப்பர் கிளவுஸைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், பாளையங்கோட்டை அண்ணாச்சி ‘கனரக ரப்பர் கையுறை’ என்று சொல்லியிருக்கிறார். ‘கனரக வாகனம்’ பழகிவிட்டதால் காதுக்கு உறுத்தவில்லை. ஆனால் கனமாக இருந்தால் கைக்குக் காவல் என்று இந்தச் சொல் நம்பவைத்துவிடும். அதுதான் என் பயம்.

பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டறையில், பெயிண்ட் ஒட்டிய பாகங்களைத் தின்னரில் கழுவும் தம்பி முழங்கை வரைக்கும் வரும் கறுப்பு ரப்பர் உறை போட்டிருந்தான். மத்தியானம் கழற்றினால் உறையின் விரல் நுனியெல்லாம் ஊதி, குழைந்துபோயிருந்தது. உள்ளே கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. “மொத்தமாத்தான இருக்கு அண்ணே, பொறவு ஏன் எரியுது?” என்று கேட்டான். உறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இயற்கை ரப்பர் நீர்த்த அமிலத்தையும் காரத்தையும் நன்றாகத் தாங்கும். எண்ணெய், பெட்ரோல், தின்னர் பட்டாலோ, பத்தமடையில் பாய்க்கு ஊறப் போட்ட கோரை மாதிரி குடித்துப் பருத்துவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் சரி. அந்த நைட்ரைலும் அசிட்டோன் என்ற கரைப்பானிடம் தோற்றுப்போகும், அங்கே பியூட்டைல் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் வேண்டும். ரப்பரின் வகை தவறினால், கனம் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போடும்.

அதனால் பொதுப்பெயராக ‘வன்பணிக் கையுறை’ என்று வைப்போம். வேலையின் கடுமையைச் சொல்கிறது, அது போதும்.

நாம் அதிகம் மெனக்கெட வேண்டிய சொல் வேறு. வேதிப்பொருள் உறையின் வெளியே பட்டதிலிருந்து உள்பக்கம் வந்து சேரும் வரை ஆகும் நேரத்துக்கு என்ன பெயர்? ஐரோப்பியத் தரமான ஈஎன் 374 இதை நிமிடக் கணக்கில் 6 நிலைகளாகப் பிரிக்கிறது. 10 நிமிடத்தைத் தாண்டினால் முதல் நிலை, 480ஐத் தாண்டினால் ஆறாவது. ‘ஊடுருவல் நேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊடுருவல் என்றதும் துளைத்துக்கொண்டு போவதுதான் கண்ணில் வருகிறது. இங்கே துளையே கிடையாது. மாவடுவை நினைத்துப் பாருங்கள். தோலில் ஓட்டை இல்லை, ஆனாலும் உப்பு உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை நம் வீடுகளில் ஊறுவது என்கிறோம். ஆகவே ‘ஊறுநேரம்’. குறளில் ‘ஊறு’ தொடு உணர்வு, நம் வழக்கில் தீங்கும்கூட. இரண்டும் கைக்குப் பொருந்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஓட்டை வழியே வந்தால் ஒழுகுதல், ஓட்டையில்லாமல் வந்தால் ஊறுதல், ரப்பரே கெட்டுப்போனால் நைதல். மூன்றையும் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஊறல்’ என்று மட்டும் எழுத வேண்டாம், சாராய ஊறல் ஞாபகம் வந்துவிடும்.

சரி, அண்ணாச்சி சம்மதித்தால் உறையின் அட்டையில் இப்படிப் போடலாம்: ‘வன்பணிக் கையுறை, நைட்ரைல். டீசலுக்கு ஊறுநேரம்: நிலை 6. அசிட்டோனுக்கு ஆகாது.’