அம்மாவின் பாடல்களைப் பாட முடியவில்லை

கேள்வி: முல்லைத்தீவில் கடந்த மாதம் அம்மாவை அடக்கம் செய்தோம். அவர் மாலைச் செபத்தில் பாடிய பாடல்களைத் தொடங்கினாலே குரல் அடைத்துவிடுகிறது. இந்நிலையில் பாடல் எவ்வாறு ஆறுதலாகும்?

மறுமொழி: நீங்கள் பாடவேண்டியதில்லை, பிள்ளை, மற்றவர்கள் பாடும்போது அருகிலிருந்து கேளுங்கள். 2009 இல் மகனை இழந்த எனக்கு, தவக்காலத்தில் ஊரார் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகையில், அவர் தாய் மரியாளின் புலம்பலுக்குள் என் அழுகையும் சேர்ந்துகொண்ட அந்த இரவில்தான் முதன்முறையாக மனம் இளகியது.

மறுமொழி: அக்கா கூறுவது உண்மை. விவிலியத்தின் திருப்பாடல் 130 ஆழத்திலிருந்து கூப்பிடுகிறது. 88 ஆவதோ இருளோடேயே முடிகிறது. உடனே தேறிவிடவேண்டும் என்று அவை நம்மை வற்புறுத்துவதில்லை. அந்த 88 ஐ இன்றிரவு மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா. ஞாயிறு பூசையில் பின்வரிசையிலிருந்து கேட்கிறேன்.