குடும்பக் குழு: சோலார் போட்டும் டெலிவரி சார்ஜ் வருதே?

மீனா (பிளேனோ): மாமா, ஒரு சந்தேகம். போன வருஷம் கூரையில சோலார் போட்டோம்ல? இந்த மாசம் கிரிட்ல (வெளி லைன்ல) இருந்து எடுத்தது 620 யூனிட், நாங்க வெளிய அனுப்பினது 640. அப்படியும் டெலிவரி சார்ஜ் 38 டாலர் வந்திருக்கு. மீட்டர்ல கோளாறா?

ரவி மாமா (இர்விங்): மீட்டர் சரியாத்தான் இருக்கும்மா. டெக்சாஸ்ல பெரும்பாலான இடத்துல 2002லேர்ந்து கரண்ட் விக்கிறவங்க வேற, கம்பி வெச்சிருக்கிறவங்க வேற. நம்ம பக்கம் கம்பி, கம்பம், மீட்டர் எல்லாம் ஆன்கோர்ங்கிற கம்பெனியோடது. அந்தக் கம்பிக்கான கட்டணம்தான் டெலிவரி சார்ஜ். கரண்ட் விக்கிற எந்தக் கம்பெனி பிளான் எடுத்தாலும் அது ஒண்ணுதான். மாசத்துக்கு 4 டாலர் சொச்சம், அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அஞ்சரை சென்ட் பக்கம். உன் 620ஐப் பெருக்கிப் பாரு.

மீனா: சரியா வருது 😟 அப்போ அனுப்பின 640?

ரவி மாமா: அதுக்கு வரவு குடுக்கிறது விக்கிற கம்பெனி. நாம அனுப்புறதை வாங்கிக்கிற பைபேக் பிளான் பெரும்பாலானதுல அது எனர்ஜி சார்ஜ்ல, அதாவது கரண்டோட விலையிலதான் கழியும், டெலிவரியைத் தொடாது. பகல்ல அனுப்பினதையும் ராத்திரி எடுத்ததையும் மீட்டர் 15 நிமிஷத்துக்கு ஒருதரம் தனித்தனியா எழுதுது.

லதா சித்தி (எடிசன்): எங்க நியூ ஜெர்சியில எடுத்ததுல அனுப்பினதைக் கழிச்சு மிச்சத்துக்குத்தான் டெலிவரியும் போடுறாங்க. மாசாமாசம் சர்வீஸ் சார்ஜ் மட்டும் தப்பாது.

ரவி மாமா: அங்க அப்படிக் கழிக்கிறதுக்கு நெட் மீட்டரிங்னு சட்டமே இருக்கு லதா. இங்க மாநிலம் முழுக்க அப்படி ஒண்ணு கிடையாது.

கார்த்திக் (ஃபிரிஸ்கோ): என்கிட்ட விக்க வந்தவர் "இனிமே பில்லே வராது"ன்னார் மாமா! நாளைக்குக் கையெழுத்து.

ரவி மாமா: அப்படிச் சொல்றது நியாயமே இல்ல. ராத்திரி ஒரு யூனிட் எடுத்தாலும் டெலிவரி உண்டு. கடன் வாங்கிப் போடுற குடும்பத்துக்கு இதை முதல்லயே சொல்லணும். 30 பர்சன்ட் ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட்டும் 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சுபோச்சு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

மீனா: இப்போ குறைக்க வழி?

ரவி மாமா: பகல்லயே செலவு பண்ணு. பேனல்ல இருந்து நேரா வீட்டுக்குள்ள போற கரண்ட் மீட்டரைத் தாண்டுறதே இல்ல, அதுக்கு டெலிவரி கிடையாது. டிரையர், டிஷ்வாஷர் மதியம் போடு. லீவு நாள்ல காரையும் அப்பவே சார்ஜ் பண்ணு. வெயில் காலத்துல 2 மணிக்கே வீட்டை நல்லா குளிர வெச்சுட்டா சாயங்காலம் ஏசி கம்மியா ஓடும்.

மீனா: பேட்டரி வாங்கலாமா?

ரவி மாமா: டெலிவரிக்காக மட்டும்னா வேண்டாம். தினம் 10 யூனிட் சேத்து வெச்சாலும் மாசம் 300 யூனிட், 16 டாலர் சொச்சம்தான் மிச்சம். அனுப்புற யூனிட்டுக்கு உன் பிளான் ரொம்பக் கம்மியா குடுத்தா கணக்கு மாறும். 2021 பிப்ரவரி பனிப்புயல்ல போன மாதிரி கரண்ட் போனா தேவைப்படும்னா, அது வேற விஷயம்.

கார்த்திக்: நான் எதைப் பார்க்கணும் மாமா?

ரவி மாமா: எடுக்கப்போற பிளானோட விலை, விதி எல்லாம் போட்டிருக்கிற எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிளை வாங்கு. அனுப்புற யூனிட்டுக்கு எவ்வளவு, அந்த வரவு எதுல கழியும், மிஞ்சினா அடுத்த மாசத்துக்குப் போகுமான்னு பாரு. முதல்ல உங்க ஏரியா கம்பி யாரோடதுன்னு கேளு. ஃபிரிஸ்கோல சில இடம் கோசர்வ்ங்கிற மின்சாரக் கூட்டுறவோடது, அங்க விதியே வேற.

கார்த்திக்: எங்க தெரு கோசர்வ்தான் மாமா. கையெழுத்தைத் தள்ளி வெச்சுட்டு காலையில அவங்களுக்கே போன் பண்றேன்.