ஒரு டொங்கிள், இரண்டு கொம்பியூட்டர்: மற்றதில் நெட் வரவில்லை

மேகமூட்டம் (தலவாக்கலை):
அவசரம். வீட்டில் இரண்டு கொம்பியூட்டர். ஒன்றில் நெட் இருக்கிறது, வயர் போட்டு மற்றதற்குக் கொடுத்தேன், வரவில்லை. தங்கச்சிக்கு நாளைக்கு ஒன்லைன் கிளாஸ். என்ன செய்யலாம்?

ஹப்புத்தளைக்காரன்:
நெட் எதில் வருகிறது? ரவுட்டரா, சிம் போட்டுக் குத்துகிற டொங்கிளா? விண்டோஸ் எத்தனை?

பழைய மொடெம்:
ஒரு முனையில் கம்பிகளை மாற்றி அடித்த கிராஸ் வயர்தானே போட்டீர்கள்? நேராக இரண்டையும் இணைக்க சாதாரண வயர் சரிவராது. முனையை வெட்டி மறுபடி அடியுங்கள்.

கொட்டகலை சேர்:
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. "வரவில்லை" என்றால் எது வரவில்லை? நெட்வேர்க் என்றால் என்னவென்று கொஞ்சம் வாசித்துவிட்டு வாருங்கள். இதற்கெல்லாம் முன்பே பதில் எழுதியாயிற்று.

ஹப்புத்தளைக்காரன்:
நாளைக்கு கிளாஸ் என்கிறான் சேர். அந்தப் பதிலின் லிங்கையாவது போடுங்களேன்.

மேகமூட்டம்:
யூஎஸ்பி டொங்கிள். இரண்டும் விண்டோஸ் 10. நெட்டை மற்றதற்குப் பகிர்கிற ஷேரிங் டிக் போட்டாயிற்று. மற்றதில் 169.254 என்று ஏதோ காட்டுகிறது.

நானுஓயா:
அப்படியென்றால் முதல் கொம்பியூட்டர் ஐபி, அதாவது நெட்வேர்க் முகவரி, கொடுக்கவில்லை, மற்றது தானே ஒன்றை வைத்துக்கொண்டது. டிக்கை எதில் போட்டீர்கள்? வயர் குத்திய ஈதர்நெட்டில் போட்டால் வராது. நெட் வருகிற டொங்கிளின் ப்ரொப்பட்டீஸில் போட வேண்டும். சரியாகப் போட்டால் முதலாவதின் ஈதர்நெட்டுக்கு 192.168.137.1 தானாக வரும். மற்றதில் ஐபியை ஓட்டோமேட்டிக்கில் விடுங்கள், கையால் எதுவும் அடிக்க வேண்டாம்.

பழைய மொடெம்:
பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் 192.168.0.1 வரும். கிராஸ் வயர் விஷயத்தை யாரும் பார்க்கவில்லையே.

நானுஓயா:
இப்போதைய கிகாபிட் நெட்வேர்க் கார்ட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும், அண்ணா.

பண்டாரவளை அக்கா:
வயர் வீட்டுக்குள்ளேயா, வெளியாலேயா போகிறது? ஒக்டோபர், நவம்பர் பின்னேரத்து இடி தெரியும்தானே. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வெளியால் இழுத்த வயரோடு மதர்போர்டும் போனது.

கொட்டகலை சேர்:
செம்புக் கம்பியை வெளியால் இழுக்கவே கூடாது. வைஃபை போடுங்கள்.

ஹப்புத்தளைக்காரன்:
சுற்றிவரத் தகரம் அடித்த அறைக்குள் வைஃபை எப்படிப் போகும்? சேர் குவாட்டர்ஸில் இருக்கிறார் போல.

கொட்டகலை சேர்:
நான் எங்கே இருந்தால் உங்களுக்கென்ன? தொழில்நுட்பம் பேசுங்கள்.

பண்டாரவளை அக்கா:
சண்டையை அப்புறம் பிடியுங்கள். இடி தொடங்குமுன் வயரை இரண்டு பக்கமும் கழற்றி வையுங்கள், கரண்ட் ப்ளக்கையும்தான்.

மேகமூட்டம்:
டொங்கிளில் போட்டேன். வந்துவிட்டது. நன்றி.

பழைய மொடெம்:
என்ன வயர் என்று கடைசிவரை சொல்லவில்லை.

நானுஓயா:
தம்பி, ரீஸ்டார்ட் பண்ணினால் சிலவேளை ஷேரிங் நின்றுவிடும். டிக்கை எடுத்து மறுபடி போட்டால் சரி. அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை இரண்டிலும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கிளாஸுக்கு டேட்டா மிஞ்சாது.