உரிமம் வாங்கியவர்கள் மைக்கைத் தொடத் தயங்குகிறார்கள், எதிலிருந்து பழக்குவது?

இருபது மீட்டர்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் குழுவில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) தேர்வுக்குப் பாடம் எடுக்கிறோம். பலர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். செட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கிறார்களே தவிர, பேசுவதில்லை. ஓம் விதி தலைகீழாகத் தெரியும். ஆனால் ஒரு பிஎல்-259 கனெக்டரைக் கேபிளில் பற்றவைக்கச் சொன்னால் கை வருவதில்லை. இன்னொரு வகுப்பு போட்டு ஸ்லைடு காட்ட எனக்கு மனமில்லை. புதியவர்களைப் பழக்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செப்புக்கம்பி:
என்னைக் கேட்டால் ஆன்டெனாவிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வாங்கியது வேண்டாம், அவர்களே வெட்டிக் கட்டும் டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும், இருபக்கமும் சம நீளக் கம்பி உள்ள ஆன்டெனா.

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு என்று வைத்துக்கொள்வோம். டைபோலுக்கான வழக்கமான கணக்குப்படி 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் மொத்த நீளம் ஏறக்குறைய 20.1 மீட்டர். கொஞ்சம் கூட்டி 20.6 மீட்டருக்கு வெட்டச் சொல்லுங்கள். ஏற்றிக் கட்டி, ஆன்டெனாவை அளக்கும் அனலைசரை மாட்டினால், எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அடிமட்டத்துக்கு இறங்கும் இடம் 6.95 பக்கம் இருக்கலாம். "எவ்வளவு குறைக்கணும்?" என்று உடனே நம்மைத்தான் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், பேனாவைக் கொடுங்கள். 20.6-ஐ 6.95-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.17 வரும். அதாவது பக்கத்துக்கு 21 சென்டிமீட்டர் போல அதிகம். அதையும் உடனே வெட்ட விடாதீர்கள். நுனியை மடித்து அதே கம்பியின் மேல் சுற்றிவிட்டு மறுபடி அளக்கட்டும். தாங்கள் கணக்குப் போட்ட இடத்தை நோக்கி அந்தக் குழி நகர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஆன்டெனா மேல் இருந்த பயம் போய்விடும். நான் பழக்கிய எல்லாரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். உயரமும் பக்கத்தில் உள்ள தகரமும் அந்த இடத்தை மாற்றும் என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

பிறகு அதே அனலைசரில் டம்மி லோடை மாட்டிக் காட்டுங்கள். எஸ்டபிள்யூஆர் 1-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் அது வெறும் 50 ஓம் மின்தடை, கொடுக்கிற சக்தியெல்லாம் சூடாகத்தான் போகிறது. எஸ்டபிள்யூஆர் குறைந்தால் ஆன்டெனா நல்லது என்ற எண்ணத்தை முதலிலேயே கிள்ளிவிட வேண்டும். கேபிளும் அப்படித்தான். 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 போட்டால் பாதிச் சக்திக்கு மேல் கேபிளிலேயே தீர்ந்துவிடும், மீட்டர் மட்டும் அழகாகக் காட்டும்.

பேசத் தயங்குவதைக் கூச்சம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பேச ஒன்றும் இல்லாததுதான் காரணம். இரண்டு பேரைச் சிம்ப்ளெக்ஸில் (செட்டுக்குச் செட் நேராகப் பேசும் முறை) ஆளுக்கொரு பக்கம் அனுப்பி, ஒருவர் கையில் ஒரு செய்தியைக் கொடுங்கள்: ஒரு ஆளின் பெயர், ஒரு மருந்தின் பெயர், ஆறு இலக்க எண். மறுமுனையில் இருப்பவர் எழுத்துப் பிசகாமல் எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். பியா, டியா, வியா என்று இரைச்சலில் திணறும்போது அந்த எழுத்துகளுக்குப் பதிலாகச் சொல்லும் பிராவோவும் டெல்டாவும் விக்டரும் எதற்கு என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

புதுக்குரல்:
நான் சமீபத்தில் உரிமம் வாங்கியவள். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ரிப்பீட்டரில் (நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) மூத்தவர்கள் விடாமல் பேசும்போது எங்கே நுழைவது என்றே தெரியாது. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் இரண்டு மூன்று விநாடி விட்டால் போதும், நாங்கள் கால்சைனை (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறி) சொல்லிவிடுவோம். எனக்கு ஒரு அண்ணா சொன்னது இன்றும் உதவுகிறது: பிடிடியை (பேச அழுத்தும் பொத்தான்) அழுத்தியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேசு. நம் செட் அனுப்பும் டோனை அடையாளம் கண்டு ரிப்பீட்டர் திறக்க நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் கால்சைனின் முதல் எழுத்து போய்விடும்.

நள்ளிரவு பேண்ட்:
கேட்பதையும் குறைவாக நினைக்காதீர்கள். அதுவும் பழக வேண்டிய வேலைதான். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள் (தானாக அடையாள ஒலி அனுப்பும் நிலையங்கள்) முறை வைத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. மோர்ஸில் கால்சைன், அப்புறம் நான்கு நீண்ட ஒலிகள். முதலாவது 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். எத்தனையாவது ஒலி வரை காதில் விழுகிறது என்று யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். மோர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடிகாரம் சரியாக இருந்தால் அட்டவணையைப் பார்த்தே எந்த நிலையம் என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் எப்போதும் இயங்கும் என்றில்லை. காலையிலும் மாலையிலும் எழுதியதை ஒப்பிட்டால் பேண்ட் எந்தத் திசையில் திறக்கிறது, அதாவது அந்த அலைவரிசையில் எந்தப் பக்கத்து நிலையங்கள் கேட்கின்றன என்று அவர்களே சொல்வார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அயனோஸ்பியர் (ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் வளிமண்டல மேலடுக்கு) பாடம் அப்போதுதான் உயிர் பெறும்.

இருபது மீட்டர்:
எல்லாருக்கும் நன்றி. செப்புக்கம்பி சார், எங்களிடம் அனலைசர் ஒன்றுதான் இருக்கிறது. பத்துப் பேரை வைத்து எப்படிச் செய்வது?

செப்புக்கம்பி:
இரண்டிரண்டு பேராக ஐந்து டைபோல் வெட்டட்டும். ஒரு ஜோடி அளக்கும்போது அடுத்த ஜோடி கனெக்டர் பற்றவைக்கலாம், மற்றவர்கள் செய்தி அனுப்பிப் பழகலாம். ஒருவர் அளவைச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும், பாதியில் ஆள் மாற வேண்டும். கைப்பழக்கம் உள்ள மூத்தவர்கள் யாராவது வந்தால் கட்டரைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று அவர்களே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். 73 (வாழ்த்துகள்).