பிள்ளை பார்க்க ஆள் எடுக்க முதல் பழைய வீட்டில் என்ன கேக்கிறது?

வெள்ளவத்தை_தாய்:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு 11 மாதம். இவ்வளவு நாளும் மாமி பார்த்தா. மச்சாளுக்குக் குழந்தை கிடைக்கப் போகுது எண்டு மாமி அடுத்த மாதம் கனடா போறா. டே கெயார்ல விட இவருக்கு விருப்பமில்லை. அதால வீட்டோட நிண்டு பார்க்க ஆள் தேடுறம்.

ஏஜென்சி ஒண்டு மலையகத்தில பொகவந்தலாவைப் பக்கத்து அக்கா ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினது. வயசு 42 எண்டவை. எனக்கு அவாவைப் பிடிச்சிருக்கு. மகன் அவாவின்ர கையில கட்டியிருந்த கறுப்புக் கயிறைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே இருந்தவன், அவா கையைப் பறிக்கேல்லை. ஆனா எனக்குப் பிடிச்சுது எண்டதுக்காகப் பிள்ளையைக் குடுத்திட்டு வேலைக்குப் போக ஏலாதே.

முந்தி வேலை செய்த வீடு எண்டு இரண்டு நம்பர் தந்தவை. கல்கிசையில ஒரு சிங்கள நோனா, மற்றது டுபாய். கல்கிசைக்கு எடுத்தன். "நல்ல ஆள், பிரச்சினை ஒண்டும் இல்லை" எண்டிட்டு வச்சிட்டா. ஒரு நிமிசமும் வராது. மெய்யாவே அந்த வீட்டு ஆளா, இல்லாட்டி ஏஜென்சி சொல்லிக்குடுத்து வச்சிருக்கிற ஆரோவா? டுபாய்க்கு வட்ஸ்அப்ல எழுதினன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பொலிஸ் ரிப்போர்ட் எடுத்தாப் போதும் எண்டுறார் இவர். யுத்த காலத்தில வெள்ளவத்தையில வீட்டுக்கு ஆர் வந்தாலும் பொலிஸில போய்ப் பதிஞ்ச ஆக்கள் நாங்கள், அந்தப் பழக்கம் போல.

இப்ப என்ன கேக்கிறது, எப்பிடிக் கேக்கிறது?

தெஹிவளை_அண்ணா:

வழக்கு இருக்கா எண்டதைப் பொலிஸ் சொல்லும். பிள்ளைக்குக் கை நீட்டுற ஆளா எண்டதைச் சொல்லாது. அவவின்ர ஊர் கிராம சேவகரிட்ட (ஜி.எஸ்.) வதிவிட நற்சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில ஒப்பம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. 6 மாதத்துக்குள்ள எடுத்ததா எண்டு திகதியைப் பாருங்கோ.

அடையாள அட்டையின்ர போட்டோ பிரதியை நம்பாமல் ஒரிஜினலைப் பாருங்கோ. பழைய அட்டை எண்டா முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், புது 12 இலக்க அட்டையில முதல் நாலும். அதுக்கு அடுத்த மூண்டு இலக்கம் வருசத்தில எத்தனையாம் நாள் எண்டது, பெண்களுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். அந்த மூண்டும் 500க்குக் கீழ இருந்தா அது ஆரோ ஆம்பிளையின்ர நம்பர்! பார்த்திட்டு அட்டையைக் கையோட திருப்பிக் குடுங்கோ. பிடிச்சு வச்சிருக்கிற வீடுகளும் இருக்கு, அது சரியில்லாத வேலை.

ஜம்பட்டா_வீதி:

தங்கச்சி, நான் நீங்க கோல் எடுத்து விசாரிக்கிற அந்தப் பழைய வீட்டுப் பக்கத்து ஆள். எங்க மகளைக் கைப்பிள்ளையில இருந்து நர்சரி போற வரைக்கும் ஒரு அக்கா பார்த்தாங்க. இப்ப அவங்களை எடுக்க நினைக்கிறவங்க எல்லாம் எனக்குத்தான் கோல் பண்ணுவாங்க. அடுப்புல கறி இருக்கும், இல்லன்னா பஸ்ஸுல நசுங்கிட்டு வருவேன். "நல்லவங்களா? களவு கிளவு இல்லையே?" ம்ம், இல்ல, வைக்கிறேன். அவ்வளவுதான். உங்க கல்கிசை நோனாவும் அப்படித்தான் இருந்திருப்பாங்க.

ஒழுங்கா கேட்டது பம்பலப்பிட்டியில ஒருத்தங்க மட்டும். எப்ப பேச வசதின்னு முதல்ல மெசேஜ் போட்டாங்க. பேசும்போது முதல்ல அவங்க வீட்டைப் பத்திச் சொன்னாங்க, பிள்ளைக்கு இழுப்பு, மாடிப்படியில கேட் இல்ல, இப்படி. பிறகுதான் கேள்வி. "பிள்ளை சாப்பிட மாட்டேன்னா அந்தக்கா என்ன செய்வாங்க?" நல்லவங்களான்னு கேட்டா எனக்கு ஒரு வார்த்தைதான் வரும். இப்படிக் கேட்டா எல்லாம் வருது. பால்கனிக்குத் தூக்கிட்டுப் போய் துறைமுகத்துக் கிரேனைக் காட்டி, கிரேன் கழுத்தைத் திருப்புறதுக்கு ஒரு வாய் ஊட்டுவாங்கன்னு சொன்னேன். பகல்ல என் பேச்சைக் கேக்காம போன்ல கார்ட்டூன் போடுவாங்க, அதையும் சொன்னேன். பிள்ளை விழுந்தா உடனே சொல்லாம, நான் வந்து நெத்தியைப் பார்த்துக் கேட்டாத்தான் சொல்லுவாங்க, அதையும்தான். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க. விழுந்தா உடனே கோல் பண்ணணும், நான் ஏச மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டாங்களாம்.

செட் பண்ணின ஆளான்னு பார்க்க ஒரு வழி. பிழையா ஒன்னு சொல்லுங்க. "உங்க மகனைத்தானே பார்த்தாங்க?" உண்மையான தாய்னா மகன் இல்ல, மகள்னு திருத்தாம விடவே மாட்டாங்க. 12 மாத ஊசி போட்ட நாள் யார் லீவு போட்டதுன்னு கேளுங்க. பொய்க்காரங்களுக்கு ஊசி ஞாபகமே வராது.

பகல் நித்திரையைக் கண்டிப்பா கேளுங்க. எவ்வளவு நேரம், எழும்பினா மந்தமா இருந்துச்சா? தடுமலுக்குக் குடுக்குற பிரிட்டோன் (Piriton) மருந்துப் பாணியைப் பிள்ளை தூங்கட்டும்னு குடுக்குற ஆட்கள் இருக்காங்க.

டுபாய்க்கு வொய்ஸ் மெசேஜ் போடுங்க, பின்னால உங்க பிள்ளை சத்தம் கேக்குற மாதிரி. நம்ம ராத்திரி 9 அங்க 7.30. பதில் வராட்டி அக்காவோட பாஸ்போர்ட்ல போன திகதி, வந்த திகதி முத்திரையைப் பாருங்க, அவங்க சொல்ற கதையோட ஒத்துப்போகணும்.

கொழும்பு_3:

இவ்வளவு ஏன்? கெமரா பூட்டுங்கோ. விசயம் முடிஞ்சுது.

ஜம்பட்டா_வீதி:

கெமரால நடந்து முடிஞ்சதைத்தான் பார்க்கலாம்.

மஸ்கெலியா_பொண்ணு:

எங்கம்மா இந்த வேலை செஞ்சவங்க, அதனால ஒன்னு சொல்லணும். நாரஹேன்பிட்டியில ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைகளை வளர்த்தாங்க. ஒரு தீபாவளிக்கு லீவுல வந்த நேரம் பாட்டிக்கு ரொம்ப முடியாமப் போச்சு, சொன்ன நாளுக்குத் திரும்ப முடியல. போன் பண்ணிச் சொல்லித்தான் நின்னாங்க. அதுக்குப் பிறகு யாரு விசாரிச்சாலும் அந்த நோனா "சொல்லாம கொள்ளாமப் போயிட்டா" ன்னுதான் சொன்னாங்க. அம்மாவுக்கு வேற வேலை கிடைக்கவே இல்ல, திரும்பத் தேயிலைக் கொழுந்து எடுக்கத்தான் போனாங்க.

அதனால பழைய வீட்டு வாயை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க அக்கா. யாராவது குறை சொன்னா, அது எப்ப நடந்துச்சு, நீங்க என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. கோபத்துல சொல்றவங்ககிட்ட அந்தக் கதை இருக்காது. அப்பார்ட்மென்ட்னா கீழ இருக்கிற செக்கியூரிட்டியைக் கேளுங்க. எந்த வீட்டுப் பிள்ளை பகல்ல அழுதுச்சுன்னு அவருக்குத் தெரியும்.

அந்தக்காவுக்கும் உங்களைப் பத்தி விசாரிக்க ஒரு நம்பர் குடுங்க. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த டயகமத் தோட்டத்துப் பிள்ளை 2021ல எரிகாயத்தோட ஆஸ்பத்திரியில செத்ததுல இருந்து, தோட்டத்துல யாரும் லேசுல ஆளை அனுப்ப மாட்டாங்க. அவங்களுக்கும் பயம் இருக்கும்தானே.

வெள்ளவத்தை_தாய்:

எல்லாருக்கும் நன்றி. ஜம்பட்டா அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கல்கிசைக்கு முதல் மெசேஜ் போட்டிட்டு இரவு எடுத்தன். "உங்கட மகன்" எண்டு தொடங்கினதுதான், "மகனா? ரெட்டைப் பிள்ளையள், இரண்டும் பெட்டையள்" எண்டு மனுசி சிரிக்கத் தொடங்கிட்டா! முந்தி நான் எடுத்தது மீட்டிங் நேரமாம். அதுக்குப் பிறகு என்ர சிங்களம் முடிஞ்சு போற மட்டும் கதைச்சா. அக்கா பொறுமைசாலி, ஆனா குளிக்க வார்க்கிற தண்ணி சூடு கூட வச்சிடுவாவாம், முழங்கையை விட்டுப் பார்க்கப் பழக்க வேணுமாம். மருந்துப் போத்தல்ல இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதால நோனாதான் பனடோல் சிரிஞ்சில பேனையால கோடு போட்டுக் குடுத்து வச்சவாவாம். அக்கா அந்தக் கோட்டைத் தாண்டினதே இல்லையாம்.

அடையாள அட்டை 74 எண்டு தொடங்குது. 42 எப்பிடி எண்டு அக்காவையே கேட்டன். "அம்பதுன்னா எடுக்க மாட்டாங்கன்னு ஏஜென்சியில சொல்லச் சொன்னாங்கம்மா" எண்டா. ஏஜென்சியோட தனியாக் கதைக்க இருக்கு. டுபாய் இன்னும் பதில் இல்லை, பாஸ்போர்ட் முத்திரை சரியா இருக்கு.

எங்களிட்ட முந்தி சமைக்க வந்தவாவின்ர நம்பரை அக்காவுக்குக் குடுத்தன். முதல்ல வெக்கப்பட்டவா, பிறகு மெய்யாவே எடுத்துக் கதைச்சிருக்கிறா, எங்கட வீட்டில எத்தினை மணிக்கு லைட் நூக்கிறது எண்டு கேட்டவாவாம். வியாழக்கிழமை வாறா. மாமி போகு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து நிப்பினம்.

ஜம்பட்டா_வீதி:

சந்தோஷம். சிரிஞ்சுல கோடு பேனையால போடாதீங்க, கழுவுனா அழிஞ்சிடும். பெர்மனன்ட் மார்க்கர் வாங்குங்க. பனடோல் அளவு பிள்ளையோட நிறைக்குத்தான், கிளினிக்ல நிறுத்துட்டு வர்ற நேரம் டொக்டர்கிட்ட கேட்டுக் கோட்டை மாத்திடுங்க.